நாமக்காரியின் மூன்றாவது கன்று

எங்கள் எருமை நெற்றியில் நாமத்தோடுதான் பிறந்திருக்க வேண்டும். உடம்பில் வேறெங்கும் வெள்ளை கிடையாது. இரண்டு கண்களுக்கும் நடுவிலிருந்து விளக்குச் சுடர்போல மேலே எழும்பும் ஒரு வெள்ளைக் கோடு மட்டும். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை அய்யாவின் கோயிலான தாங்கலுக்குப் போய் வணங்கும்போது நெற்றியில் வெள்ளை மண்ணால் இட்டுக்கொள்ளும் நாமமும் அதே வடிவம்தான். சந்தையில் அந்த நெற்றியைப் பார்த்த பிறகு அப்பா வேறு எந்த எருமையின் வாயையும் திறந்து பல் பார்க்கவில்லையாம். கயிற்றை வாங்கிக்கொண்டு வீடுவரை நடத்தியே கூட்டிவந்துவிட்டார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது எருமையா, இல்ல தாங்கலுக்கு விளக்கு வைக்க வந்தவளா?" என்று கேட்டாள். அன்றைக்கே அதற்கு நாமக்காரி என்று பெயராகிவிட்டது.

நாமக்காரியிடம் ஒரு குணக்கேடும் கிடையாது. குளத்தில் இறங்கிக் கிடந்தால் மற்ற எருமைகளைக் கல்லெறிந்து ஏற்ற வேண்டும். இவள் வெயில் தாழ்ந்ததும் தானாகவே கரையேறி, சேறு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து என் தோளில் உரசி நிற்பாள். பாலும் கெட்டியாக இருக்கும். கன்றுதான் தங்கவில்லை. முதல் கன்று ஒரு மாதம் நிறைவதற்குள் செத்தது. அடுத்த ஈற்றிலும் அப்படியே. வயிறு மத்தளம்போல வீங்கும், முதுகு மட்டும் எலும்பாகிக்கொண்டே போகும். முடி குத்திட்டு நிற்கும். வாயில் வேறு ஏதோ ஒரு புளித்த வாடை. பிறகு ஒருநாள் காலையில் எழுந்திருக்காது.

கன்று இல்லாவிட்டால் நாமக்காரி மடியைத் தொட விடமாட்டாள். முதல் கன்று செத்த பிறகு, தவிடு வைத்தும், தடவிக் கொடுத்தும், அப்பா ஐந்தாறு நாள் உட்கார்ந்து பார்த்தார். அவள் தலையைத் திருப்பித் திருப்பி மடியைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் காலைத் தூக்குவாள். பால் மேலே ஏறிவிடும். அப்பா காலியான செம்போடு எழுந்து வருவார். எங்கள் வீட்டுப் பால்தான் சந்திப்பில் இருக்கும் இரண்டு சாயாக்கடைக்கும் போகிறது. அது நின்றுபோனால் வீட்டுக்கு அம்மாவின் அண்டியாபீஸ் கூலி மட்டும்தான். அம்மா அங்கே முந்திரிக்கொட்டையைத் தல்லி உடைக்கிறவள். தோட்டு எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது கன்றும் போன பிறகு அனில்குமார் வர ஆரம்பித்தார். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மாடு ஏற்றி அனுப்பும் தரகர். கெட்ட மனுஷர் இல்லை. வரும்போதெல்லாம் எனக்கு மிட்டாய் கொண்டுவருவார், நான் வாங்காமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றாலும் படியில் வைத்துவிட்டுப் போவார். ஆனால் அவர் லாரியில் ஏறிய எருமை எதுவும் வேறொரு வீட்டுத் தொழுவத்தில் போய் நிற்பதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

"ராஜண்ணே, இது ராசிகெட்ட எருமையாக்கும்," என்றார் அவர். "நெத்தியில என்னதான் எழுதியிருந்தாலும் மடியில விசமிருந்தா என்ன செய்ய? எறச்சிக்காவது ஆவட்டு."

பக்கத்து வீட்டு லீலாபாய் அக்காவும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதையேதான் சொன்னாள். "அவரு சொன்னது செரிதான். பாலே விசமாக்கும். நான் ஜெபத்துல வச்சுப் பாத்துட்டேன்."

அப்பா எருமையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு, "சினையா நிக்கா. இந்த ஒரு ஈத்து பாப்போம்," என்றார். "இந்தக் கன்னும் போச்சுன்னா, நீரு கயிற பிடியும். நான் வாசல்ல நிக்க மாட்டேன்."

அப்படித்தான் மூன்றாவது கன்றின் உயிரோடு நாமக்காரியின் உயிரும் சேர்த்துக் கட்டப்பட்டது.

ஐப்பசி மழையில் கன்று பிறந்தது. பெட்டைக் கன்று. தாயின் நாமம் அதற்கு வரவில்லை, தலையோடு கால் ஒரே கறுப்பு. அப்பா நனைந்துகொண்டே தாங்கலுக்குப் போய், ஒரு பொதி நாம மண் வாங்கிவந்து அடுக்களைப் பரணில் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பசு ஈன்றாலும், தாங்கலில் தரும் அந்த மண்ணைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் உள்ளே கொடுப்பார்கள். முதல் இரண்டு கன்றுகளுக்கும் அம்மா விடியற்காலையில், அண்டியாபீஸ் போவதற்கு முன்னால், ஒரு கண்ணாடிக் கிளாஸ் நிறைய நாமத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு கன்றுகளுக்கும் மூன்றாவது வாரம் சாணம் வெளுத்தது. களிமண்ணைக் குழைத்து வைத்ததுபோல வெள்ளையும் சாம்பலுமாக. "மண்ணு உள்ள போயி வேலை செய்யுகு," என்று அம்மா கும்பிட்டாள். அப்பாவும் அதைப் பார்த்து நிம்மதியாகத்தான் இருந்தார். வெள்ளை மண் உள்ளே போனால் வெள்ளையாகத்தானே வெளியே வரும்.

இந்தத் தடவை அம்மா அந்தப் பொதியை எடுத்து, பிரிக்காமலேயே, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"கொடுக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஏம்மா?"

"அய்யாட்ட ரெண்டு தடவ கேட்டேன். அவருக்க நாமத்த நெத்தியில சுமந்துட்டு வந்தவளுக்க பிள்ளைய அவருக்கே காப்பாத்த மனசில்லேன்னா நான் எதுக்குக் கேக்கணும்? இந்தத் தடவ கேக்க மாட்டேன். அவரே கண்ணு தெறந்து பாக்கட்டு." பிறகு என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத. அவரு மனசொடிஞ்சு போவாரு."

அம்மா சொல்வது சரிதான். அப்பா ஞாயிறுதோறும் தாங்கல் முற்றத்தைப் பெருக்கி விளக்கேற்றுகிறவர். வீட்டுக்காரி அய்யாவோடு கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. காலையில் அவர் மொபெட்டில் பால்கேனைக் கட்டிக்கொண்டு சந்திப்புக்குப் போய்விடுவதால் அவருக்குத் தெரியவும் வழியில்லை. என்னிடம் சொன்னது எங்கேயும் போகாது என்றும் அம்மாவுக்குத் தெரியும். நான் பேசுகிறவள் இல்லை. பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதே பாடம் வராமல் அல்ல; கேள்வி கேட்டால் விடை தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

தொழுவம் என் வேலை. காலையில் கடவப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாணம் வாருவது, தரை கழுவுவது, கன்றை ஊட்டவிடுவது எல்லாம் நான்தான். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, கன்று நின்ற இடத்தில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சாணம் வெளுத்திருந்தது. அதே களிமண் நிறம். அதே புளித்த வாடை.

பரணில் இருந்த மண் அரிசிப் பானைக்குப் பின்னால் கட்டுப் பிரியாமல் இருக்கிறது. அப்படியானால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? கடவத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். இப்போது மண் கொடுக்காமலே வெளுக்கிறது என்றால், அப்போது வெளுத்ததும் மண்ணால் இல்லையே. அம்மா கும்பிட்டாளே, அது கும்பிட வேண்டிய சாணம் இல்லை. அது நோய்.

சாயங்காலம் அம்மா வந்ததும் சொன்னேன். அவள் சேலையைக்கூட மாற்றவில்லை.

"பாலு குடிக்கிற கன்னு. பாலு வெள்ளை, சாணமும் வெள்ளை. போயி பாத்திரத்த களுவு," என்றாள். ஆனால் அன்று அவள் தொழுவத்துப் பக்கம் போகவே இல்லை. கோபித்துக்கொண்டு மண் கொடுக்காமல் விட்டதால்தான் இந்தக் கன்றும் போகப் போகிறது என்று அவள் நினைப்பது எனக்குப் புரிந்தது. அதை எப்படி மாற்றிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் வந்தது. மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் கால்நடை மருத்துவ முகாம், ஆடு மாடு கோழி எதுவானாலும் கொண்டுவரலாம் என்றது. கன்று அதற்குள் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். அப்பா கன்றைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். பிறகு, "கொண்டு போவோம். இது கடைசி," என்றார்.

நான் நின்றுபோன பள்ளிக்கூடத்துக்கு அன்றுதான் மறுபடியும் போனேன், கன்றின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு. முன்னால் கயிற்றைப் பிடித்து அப்பா. பக்கத்தில் குடையோடு அம்மா. கேட்டில் நுழையும்போது நான் முகத்தைக் கன்றின் வயிற்றோடு ஒட்டி மறைத்துக்கொண்டேன். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிய மைதானத்தில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. கொடிக்கம்பத்தில் யாரோ ஒரு ஜெர்ஸி காளையைக் கட்டியிருந்தார்கள். லீலாபாய் அக்கா இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றாள். புளியமரத்தடியில் அனில்குமார். முகாம் என்றால் நோய்ப்பட்ட மாடெல்லாம் ஒரே இடத்தில் வரும், அவருக்கு அலைச்சல் மிச்சம்.

கன்றைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார். "ராஜண்ணே, நாளைக்குக் காலையில எனக்க வண்டி இந்த வழிதான் வருகு. கன்னு நின்னா ஒரு சாயா குடிச்சிட்டுப் போறேன். இல்லேன்னா கயிற பிடிச்சிட்டுப் போறேன். வெசனப்படாதியும்."

"சாயாவே குடிச்சிட்டுப் போவும்," என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

டாக்டர் சின்ன வயசுக்காரி. சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். லீலாபாய் அக்கா அவரிடம், "குட்டிக ரெண்டும் கொள்ளாம், நல்லாத்தான் நிக்கு டாக்டரே, ஆனா மூத்தது ராத்திரி கெடந்து கொரைக்குகு," என்று சொல்ல, அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஆடு குரைக்குதாங்க?" என்று கேட்டார். இருமலைத்தான் சொல்கிறாள் என்று பின்னால் நின்ற ஒருவர் விளக்கியதும் டாக்டரும் சிரித்துவிட்டார்.

எங்கள் முறை வந்தது. அப்பா எல்லாவற்றையும் சொன்னார். முன்பு செத்த கன்றுகளைப் பற்றியும் சொன்னார். டாக்டர் கன்றின் கண் இமையை விரித்துப் பார்த்தார், வெப்பமானி வைத்தார். அதே நேரத்தில் கன்று முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, அவர் பூட்ஸ் மேலேயே கழிந்தது.

"இது என்னங்க இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

"அது நாம மண்ணு, டாக்டரே," என்றார் அப்பா. "எங்க தாங்கல்ல கொடுக்குத மண்ணு. காலம்பற ஒரு கிளாஸ் தண்ணியில கலக்கி இவதான் கொடுப்பா. அதாக்கும் வெள்ளையா வருகு."

"தினமுமா?"

"தெனமும்."

"இவ்ளோ சின்னக் கன்னுக்கு அவ்ளோ மண்ணு வேண்டாங்க. நெத்தியில வைங்க, தப்பில்ல. உள்ளுக்குக் கொடுக்காதீங்க. செரிமானம் கெட்டுப்போயிருக்கும்." அவர் துண்டுச் சீட்டை எடுத்தார். "ஒரு பவுடர் எழுதித் தர்றேன். அஞ்சு நாள் கொடுங்க. சரியாயிரும்."

அப்பா தலையாட்டினார். அப்பாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது போலிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கறுத்த விரல்களால் குடையின் பிடியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் பேனா எழுதிக்கொண்டிருந்தது. செரிமானப் பவுடர் வாங்கிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போவோம். கன்று செத்துப்போகும். காலையில் லாரி வரும். நாமக்காரி தானாகவே ஏறிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள், கயிற்றைப் பிடித்தால் யார் பின்னாலும் போவாள்.

வார்த்தை வழக்கம்போலத் தொண்டைவரை வந்து உட்கார்ந்தது. கன்றின் வால் என் முழங்கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொடுக்கல," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"மண்ணு கொடுக்கல!"

இது மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. டாக்டர் நிமிர்ந்தார். லீலாபாய் அக்கா குட்டிகளோடு திரும்பினாள். "இந்தப் பிள்ளைக்குச் சத்தமுண்டா?" என்று அனில்குமார் யாரிடமோ கேட்டார்.

"பிறந்த நாள்லேருந்து ஒரு துள்ளி மண்ணு கொடுக்கல," என்றேன். நிறுத்தினால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னேன். "பொதி பிரிக்காம இருக்கு. பின்னயும் சாணம் வெளுத்துதான் போவுகு. முந்தி ரெண்டு கன்னுக்கும் இதே நெறம்தான், இதே வாடைதான். வாயிலயும் வாடை உண்டு. தொழுவத்துத் தரைய நக்கும். அந்த வெள்ளை நாமம் இல்ல."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை, கன்றின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ சொன்னது நேருதான்," என்றாள் அம்மா. "நான் கொடுக்கல."

டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்து அந்தச் சாணத்தை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். கன்றின் வாயைத் திறந்து அதையும் மோந்தார். பிறகு சேற்றிலேயே முழங்காலிட்டு, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"உருளைப்புழு. வயிறு நெறைய இருக்குங்க. இதுக்குப் பூச்சி மருந்து கொடுத்தீங்களா?"

"இல்ல," என்றார் அப்பா. "புல்லு கடிக்கத் தொடங்கின பெறவுதானே கொடுக்கணும்?"

"அல்லாம பின்ன?" என்றாள் லீலாபாய் அக்கா. "பாலு மட்டும் குடிக்கிற கன்னுக்கு எப்படி டாக்டரே பூச்சி வரும்?"

அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. பூச்சி புல்லிலிருந்து வருகிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறோம். அதனால் கன்று புல் கடித்த பிறகுதான் மருந்து. நாமக்காரியின் கன்றுகள் புல் கடிக்கும் வயதுக்கு வரவே இல்லை.

"பால்லதாங்க வருது," என்றார் டாக்டர். "தாய் எருமை உடம்புக்குள்ள இந்தப் புழுவோட குஞ்சுங்க கண்ணுக்குத் தெரியாம தூங்கிட்டு இருக்கும். அதுக்கு ஒண்ணும் பண்ணாது. கன்னு போட்டதும் முழிச்சுக்கும், மொதல் ரெண்டு மூணு வாரம் பாலோட சேர்ந்து கன்னு வயித்துக்குள்ள போயிரும். அங்கதான் பெருசாகும்."

"நான் சொன்னேன்லா!" என்றார் அனில்குமார். "பாலுல விசம்!"

அப்பாவின் கை கயிற்றில் இறுகியது. "அப்போ... எருமைதான் காரணமா டாக்டரே?"

"விஷம் எல்லாம் இல்லைங்க. நெறைய எருமைக்கு இது உண்டு. கன்னு பொறந்து பத்து நாள் கழிச்சு ஒரு தடவ மருந்து கொடுத்தா முடிஞ்சுது. எருமைய எதுக்குக் குத்தம் சொல்றீங்க?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பாலு சாயாக்கடைக்குப் போவுகு..."

"காய்ச்சித்தானே குடிக்கிறாங்க? பயப்படாதீங்க." அவர் கன்றின் முதுகெலும்பைத் தடவினார். "இப்பக் கன்னுதான். ரொம்பத் தளர்ந்திருக்கு, புழுவும் ரொம்ப அதிகம். மருந்து கொடுத்தா எல்லாம் ஒண்ணா வெளிய வரணும். குடல்ல அடைச்சுக்கிட்டா கஷ்டம். நாளைக்குக் காலையிலக்குள்ள கழிஞ்சுட்டா பொழச்சுக்கும். வயிறு கல்லு மாதிரி ஆனா உடனே கூப்பிடுங்க." அவர் தன் போன் நம்பரை அப்பாவிடம் தராமல் என்னிடம் தந்தார். "நீயே பேசு, என்ன?"

மருந்து இனிப்பாக இருந்திருக்க வேண்டும். கன்று குடித்துவிட்டு மூக்கை நக்கிக்கொண்டது.

திரும்பும் வழியில் அப்பா முன்னால் போனார். வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பொதியை எடுத்துப் பார்த்தார். திருப்பி அங்கேயே வைத்தார். அம்மா எனக்குச் சோறு போட்டாள், என் தலையில் கைவைத்து ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான். அது கோபமா அல்லவா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம்வரை கன்று கழியவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது, ஆனால் கல் இல்லை. அப்பா வந்து தொட்டுப் பார்த்தார். அவர் போனதும் அம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். நாமக்காரி கழுத்தை நீட்டி, கட்டுக்கு எட்டாத கன்றின் பக்கம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் கடவத்தை எடுத்துக்கொண்டு போனேன். கன்று படுத்த இடத்தில் இல்லை. கடவத்தைப் போட்டுவிட்டுத் தேடினேன். பிறகு பார்த்தால் அது மூலையில் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது! காதை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. தரையில் ஒரு குவியல் கிடந்தது.

இடியாப்ப அச்சில் ஓட்டை பெரிதாகப் போய்விட்டால் எப்படி விழுமோ அப்படி. வெளிறிய, வழவழப்பான, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் குறையாத புழுக்கள், ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு. அந்தச் சின்ன வயிற்றுக்குள் இத்தனையும் எப்படி இருந்தன, பாலுக்கு எங்கே இடம் இருந்தது என்று தெரியவில்லை. எனக்கு அருவருப்பே வரவில்லை. அவ்வளவு அழகான அசிங்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா மாவு அப்பிய இடியாப்ப அச்சோடு ஓடிவந்தாள். தாங்கலுக்குப் போக வேட்டி மாற்றிக்கொண்டிருந்த அப்பா ஒரு முனையைக் கையில் பிடித்தபடியே வந்தார். மூன்று பேரும் அந்தக் குவியலைச் சுற்றி நின்றோம். வயிறு ஒட்டிப்போய்க் கன்று பாதியாகத் தெரிந்தது. அது எங்களைப் பார்த்து அலுத்துப்போய், "ம்ங்ஙே" என்றது.

அப்பா கட்டை அவிழ்த்தார். கன்று தட்டுத்தடுமாறி ஓடித் தாயின் மடியில் முட்டியது. முட்டிய முட்டில் நாமக்காரி ஒரு அடி நகர்ந்தாள். திரும்பி அதை மோந்து, நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தாள். பால் சுரந்து இறங்குவது எங்களுக்கே கேட்டது. கன்றின் வாயோரம் நுரை தள்ளியது, வால் சாட்டைபோலச் சுழன்றது. அம்மா அச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சேலையில் ஒட்டிய மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

அனில்குமார் கயிற்றோடுதான் வந்தார். தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தார், கன்று குடிப்பதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "எனக்க அம்மோ!" என்று இரண்டு அடி பின்னால் குதித்தார்.

"அதாக்கும் நீரு சொன்ன விசம்," என்றார் அப்பா. "நல்லா பாத்துக்கிடும்."

"உள்ள வாங்க," என்றாள் அம்மா. அவள் குரலில் அப்படியொரு உபசாரத்தை நான் கேட்டதில்லை. "நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. இடியாப்பம் இப்பதான் ஆவுகு."

அனில்குமார் அவள் கையில் இருந்த அச்சைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "வேண்டாம் அக்கா. வயிறு செரியில்ல."

"அப்போ சாயாவாவது குடிங்க. சாயா குடிச்சிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க? நாமக்காரிக்க பாலுதான்."

"பாலு வேண்டாம், கட்டன் போதும்," என்றார் அவர்.

அப்பா சிரித்த சிரிப்பில் நாமக்காரி திரும்பிப் பார்த்தாள். அனில்குமார் கட்டன் சாயாவை நின்றுகொண்டே குடித்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, படியில் மிட்டாய் வைத்துவிட்டுப் போனார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த லீலாபாய் அக்கா, "ஸ்தோத்திரம்! எங்க ஜெபத்துக்குப் பலன் கிட்டியாச்சு," என்றாள். விஷம் என்று அவளும்தான் சொன்னாள் என்பதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் புழுவைத் தொழுவத்துக்கு வெகுதூரத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னார், சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்னார். பால் குடிக்கும் கன்றுக்குச் சாணம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும், நாளைக்குப் பார் என்றார். "நேத்து நீ பேசலைன்னா நான் பவுடரு எழுதி அனுப்பியிருப்பேன்மா," என்றும் சொன்னார். நான் "ம்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. போனில் அது போதும் என்று நினைக்கிறேன்.

அப்பா தென்னைக்குப் பின்னால் குழி தோண்டினார். அம்மா சுண்ணாம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாழையின் மறைவில் கைகழுவிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு எம்மேல வருத்தமா?" என்றாள் அம்மா.

அப்பா மண்ணை இழுத்துப் போட்டு மிதித்தார். "நேத்து இருந்தது."

"இப்போ?"

"இப்போ யோசிச்சுப் பாக்கேன். நீ வழக்கம்போல மண்ணு கொடுத்திருந்தா, சாணம் வெளுத்ததும் நாமம் வேலை செய்யுகுன்னு மூணாவது தடவையும் கும்பிட்டுட்டு இருந்திருப்போம். நீ கோவிச்சதாலதான் கன்னு பொழச்சுது."

அம்மா சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ என்னைக் கோவிக்க வச்சது யாரு?"

அப்பா மண்வெட்டியில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேட்டியில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"தாங்கலுக்கு நேரமாச்சு," என்றார். "நீயும் வாறியா?"

அம்மா சேலை மாற்றிக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது இரண்டு பேர் நெற்றியிலும் நாமம் இருந்தது. அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பொதியைப் பிரித்து, ஒரு சிட்டிகையைக் குழைத்து, கன்றின் நெற்றியில் இழுத்தாள். தாயும் மகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். கன்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை.

"உள்ளுக்கு வேண்டாம்னு டாக்டரு சொல்லியிருக்காவ," என்று அம்மா அதனிடம் சொன்னாள்.

அடுத்த நாள் திங்கள். நான் கடவத்தோடு தொழுவத்துக்குள் நுழைந்தேன். வெளியே அப்பா மொபெட்டை உதைத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு, போகாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மா அண்டியாபீஸ் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் லீலாபாய் அக்காவின் தலை தெரிந்தது.

"ஏட்டி," என்று அப்பா கூப்பிட்டார். "இன்னைக்கு என்ன நெறம்?"

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

"மஞ்ச!" என்று கத்தினேன், தெருவுக்கே கேட்கும்படி.